பி. ராம்லி: கலைஞர்தம் மானம் காத்த கலைஞர்

மேடையில் ஒளி விழும்போது நடிகனை ஊர் அறியும். ஒளி அணைந்தபின் அவன் எங்கு உறங்குகிறான், எதை உண்கிறான், நோயுற்றால் யார் பார்ப்பார் என்பதை ஊர் எண்ணிப் பார்ப்பதில்லை. கலையைப் போற்றுவோர் பலர். கலைஞனைப் பேணுவோர் சிலர். இவ்வுண்மையைத் தம் வாழ்வின் முற்பகுதியில் உணர்ந்து, தம் போன்ற கலைஞர்களை ஒரு சங்கமாய்த் திரட்டி, பிற்பகுதியில் தாமே அவ்வுண்மைக்குச் சான்றாகி மறைந்தவர் மலாய்த் திரையுலகின் மாமேதை பி. ராம்லி ஆவார். நடிகர், பாடகர், இசையமைப்பாளர், கதாசிரியர், இயக்குநர் எனப் பல துறைகளிலும் தடம் பதித்த அவரை மலேசியாவும் சிங்கப்பூரும் இன்றும் போற்றுகின்றன. ஆயினும் அவர் ஒரு தொழிற்சங்கத்தின் தலைவராகவும் விளங்கினார் என்பதும், நாட்டுத் திரைப்படம் நாட்டினர் கைகளில் வளர வேண்டுமெனப் பாடுபட்டார் என்பதும் நம்மில் பலர் அறியாதன. அவ்வரலாற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பினாங்கு தந்த பிள்ளை

1929ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 22ஆம் நாள் என்பது பதிவேட்டில் காணப்படும் பிறந்தநாள். பிறந்த ஊர் பினாங்கு. இயற்பெயர் தெயுகு ஜகரிய்யா. தந்தையார் தெயுகு ஞாக் புத்தே சுமத்திரா தீவின் ஆச்சே நாட்டிலிருந்து வந்து குடியேறிய கடலோடி. தாயார் சே மா உசேன், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த் பகுதியைச் சேர்ந்தவர். தந்தையின் பெயரிலுள்ள புத்தே என்னும் சொல்லின் முதலெழுத்தே பின்னாளில் ராம்லி என்னும் பெயருக்கு முன் நின்ற பி என்னும் எழுத்தாயிற்று.

பினாங்கு அக்காலத்தில் பல மொழிகளின் சந்தையாக விளங்கியது. மலாய்க்காரர், சீனர், ஆச்சேயர், அரபியர், தமிழகக் கடற்கரையிலிருந்து சென்று வணிகம் வளர்த்த சூலியா முஸ்லிம்கள் எனப் பலரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்தனர். நம் முன்னோர் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் அந்நகரின் நடுவே நின்றது. பார்சி நாடகக் குழுக்களின் தாக்கத்தால் தோன்றிய பங்சாவான் என்னும் மலாய் மேடை நாடகமும் பினாங்கிலேதான் பிறந்து வளர்ந்தது. இத்தகைய ஊரில் காதைத் திறந்து வைத்திருக்கும் ஒரு சிறுவனுக்கு வேறு இசைப்பள்ளி வேண்டுமா?

கம்போங் ஜாவா மலாய்ப் பள்ளியிலும், பிரான்சிஸ் லைட் ஆங்கிலப் பள்ளியிலும், பின்னர்ப் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலிலும் அவர் பயின்றார். 1941ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவின் மீது பாய்ந்த ஜப்பானியப் படையெடுப்பு அவர் கல்வியைக் குலைத்தது. ஜப்பானியர் நடத்திய கடற்படைப் பள்ளியிலும் சிறிது காலம் சேர்ந்து கற்றார். போர் முடிந்தபின் படிப்பைத் தொடர்ந்தாரெனினும் உள்ளம் இசையையே நாடியது. சிறிய நரம்புக் கருவியான உக்குலேலியில் தொடங்கி, கிதாரும் வயலினும் கற்றுத் தேர்ந்தார். கமாருத்தீன் என்னும் இசையாசிரியர் அவருக்கு முறையான பயிற்சியளித்தார். 1947ஆம் ஆண்டு மலாயா வானொலி நடத்திய பாட்டுப் போட்டியில் முதற்பரிசு அவரைச் சேர்ந்தது. அடுத்த ஆண்டு, புக்கிட் மெர்த்தாஜாம் என்னும் ஊரில் நடந்த விழாவொன்றில் அவர் தம் சொந்தப் பாடலைப் பாடக் கேட்டார் பி. எஸ். ராஜ்ஹன்ஸ் என்னும் இந்திய இயக்குநர். அழைப்பு வந்தது. 1948 ஆகஸ்டில் அந்த இளைஞர் சிங்கப்பூர் சென்றார். அப்போது வயது 19.

ஜாலான் அம்பாஸ் என்னும் தெரு

சிங்கப்பூரில் ஜாலான் அம்பாஸ் என்னும் தெருவில், எட்டாம் எண் வளாகத்தில் இயங்கியது மலாய் ஃபிலிம் புரொடக்‌ஷன்ஸ் என்னும் படப்பிடிப்பு நிலையம். அதன் உரிமையாளர்கள் ஷாங்காய் நகரிலிருந்து வந்து பெருவணிகம் செழித்த ஷா சகோதரர்கள். படம் எடுப்பது, அதை ஊர்தோறும் அனுப்புவது, சொந்தத் திரையரங்குகளில் காட்டுவது ஆகிய மூன்றும் அவர்கள் கையிலேயே இருந்தன. முதலீடு சீனருடையது, இயக்கம் இந்தியருடையது, நடிப்பு மலாய்க்காரருடையது, மொழி மலாய். 1947 முதல் 1967 வரையிலான இருபதாண்டுகளில் 150க்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வெளிவந்தன.

ராம்லி முதலில் பின்னணிப் பாடகராகவும் சிறுவேடத்தாராகவும் அமர்த்தப்பட்டார். 1948ஆம் ஆண்டு வெளியான 'சிந்தா' என்னும் படத்தில் எதிர்நாயகனாக நடித்துக் கதாநாயகனுக்கும் குரல் கொடுத்தார். 1950ஆம் ஆண்டில் 'பக்தி' என்னும் படத்தில் முதன்முதலாகக் கதாநாயகனானார். நமக்கு நன்கு தெரிந்த அச்சொல் மலாய் மொழியில் தொண்டு என்னும் பொருளில் வழங்குகிறது. அப்படத்தை இயக்கி அவருக்கு அவ்வாய்ப்பை நல்கியவர், தமிழகத்தில் பிறந்து பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணன். நூற்றாண்டு நெருங்க வாழ்ந்து 2022ஆம் ஆண்டில் மறைந்த அவரை மலேசியத் திரையுலகின் மூத்த முன்னோடியாக அந்நாடு மதித்தது. 1953ஆம் ஆண்டின் 'இபு' என்னும் படத்தை இயக்கியவர் எஸ். இராமநாதன். இவ்விதம் மலாய்த் திரையின் முகம் உருவானபோது அதை வரைந்த கைகளுள் தமிழ்க் கைகளும் இருந்தன என்பது நாம் மறவாது நினைக்கத்தக்கது.

ஆனால் அந்நிலையத்தின் உட்புறம் வேறொரு காட்சியைக் காட்டியது. நடிகர்கள் மாதச் சம்பளக்காரர்கள். திரையில் சுல்தானாக வீற்றிருப்பவர், படப்பிடிப்பு முடிந்ததும் அருகிலிருந்த பூன் டெக் சாலையில் நிலையத்தார் ஒதுக்கிய குடியிருப்புக்குத் திரும்புவார். படம் எத்தனை ஊர்களில் எத்தனை வாரங்கள் ஓடினாலும் அதன் உரிமை நிலையத்துக்கே. பாடலும் அவ்வாறே. சிறுவேடம் ஏற்போர், ஒளியமைப்போர், ஒப்பனை செய்வோர், காட்சி கட்டுவோர் ஆகியோரின் நிலையோ சொல்லுந்தரமன்று. வாய் திறந்து கேட்பவன் வேலையிழப்பான் என்னும் அச்சமே அங்கு எழுதாச் சட்டமாக இருந்தது.

சங்கம் பிறந்தது

இந்நிலையில்தான் 1954ஆம் ஆண்டு மலாயாக் கலைஞர் சங்கம் தோன்றியது. மலாய் மொழியில் அதன் பெயரைச் சுருக்கிப் 'பெர்சாமா' என்றழைத்தனர். அதன் தலைவராக ராம்லி பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது 25.

இதை நாம் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அக்காலத்தில் மலாய்த் திரையின் பெரும்புகழ் அவருடையது. அவர் குரலுக்காக மக்கள் கூட்டம் கூட்டமாகத் திரையரங்குகளுக்கு வந்தனர். நிலையத்தாரும் அவரை நன்கு அறிந்து மதித்திருந்தனர். சங்கம் இல்லாமலே அவரால் வாழ முடியும். சங்கத்தில் தலைமை ஏற்பதால் அவருக்கு வரக்கூடிய இலாபம் எதுவுமில்லை. இழப்பு வர வழியுண்டு. இருந்தும் அவர் முன்வந்தார். தனக்குத் தேவையில்லாத குடையைப் பிறருக்காகப் பிடித்து நிற்பவனே தலைவன் எனத்தகும்.

சங்கத்தின் நோக்கங்கள் இரண்டு வழிகளில் சென்றன. முதலாவது, கலைஞர்தம் ஊதியமும் பணிப் பாதுகாப்பும். இரண்டாவது, மலாய்த் திரையின் தரமும் தன்மையும். அந்நாளைய மலாய்ப் படங்கள் பலவற்றின் கதைகள் இந்தியப் படங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. பெயர்கள் மலாய்ப் பெயர்கள். உடை மலாய் உடை. ஆயினும் கதைமாந்தர் அழுவதும் சிரிப்பதும் பம்பாயையும் சென்னையையும் நினைவூட்டின. 1950ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தோன்றிய 'அங்காத்தான் சஸ்தெராவான் 50' என்னும் எழுத்தாளர் அணியினர் இதனைக் கடுமையாகச் சாடி எழுதினர். மலாய் மக்களின் வாழ்வை அறிந்தவரே மலாய்ப் படத்தை எழுதவும் இயக்கவும் வேண்டும் என்னும் குரல் நாளிதழ்களில் ஒலித்தது. கலைஞர்களும் அதே எண்ணத்தை உள்ளுக்குள் வளர்த்து வந்தனர். ஊதியம் கேட்ட வாயே பண்பாட்டையும் கேட்டது. வயிறும் மொழியும் வெவ்வேறு வழக்குகளல்ல என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

சைக்கிள் ரிக்‌ஷாவும் நாட்டு வாழ்வும்

கேட்பது எளிது, செய்து காட்டுவது அரிது. மலாய் இயக்குநர் ஒருவரை நம்பிப் பணம் போட நிலையத்தார் தயங்கினர். முன்னர் 1952ஆம் ஆண்டில் ஹாஜி மஹாதி என்பார் இயக்கிய 'பெர்மாத்தா டி பெர்லிம்பாஹான்' என்னும் படம் வருவாய் ஈட்டாது போயிற்று. எனவே இம்முறை தோல்வி நேர்ந்தால், அது ஒருவரின் தோல்வியாக நில்லாது. ஓரினத்தாரின் திறமையின்மைக்குச் சான்றாகக் காட்டப்படும். அந்தச் சுமையோடுதான் ராம்லி 1955ஆம் ஆண்டு 'பெனாரெக் பெச்சா' என்னும் தம் முதற்படத்தை இயக்கினார்.

கதைநாயகன் அம்ரான் சைக்கிள் ரிக்‌ஷா மிதிப்பவன். வறுமையிலும் தாயைப் பேணும் மகன். பணமே பெரிதெனக் கருதும் செல்வர் ஒருவரின் மகள் அவனை விரும்புகிறாள். செல்வரோ ஏழையை இகழ்ந்து, பகட்டாகத் திரியும் தீயவன் ஒருவனை நம்புகிறார். முடிவில் ஏழையின் நேர்மையே செல்வரின் கண்களைத் திறக்கிறது. கதை எளியதுதான். ஆனால் அதில் வந்த தெரு மலாயாவின் தெரு. அதில் வந்த வீடு மலாய்க் கம்பத்து வீடு. அதில் வந்த தாயும் பிள்ளையும் அடுத்த வீட்டார். மக்கள் தம்மையே திரையில் கண்டனர். படம் வெற்றி பெற்றது. அதன் பின்னர் மலாய் இயக்குநர்களுக்குக் கதவு திறந்தது. ஜமில் சூலோங் முதலியோரும் தொடர்ந்து இயக்குநராயினர்.

இங்கு ஒன்றைக் கூறுதல் கடமையாகும். நாட்டுப் பண்பாடு வேண்டும் என்று கேட்ட ராம்லி, அயலாரை வெறுத்தவரல்லர். தமக்குத் தொழில் கற்பித்த இந்திய இயக்குநர்களின் கீழ்த் தொடர்ந்து நடித்தார். 1956ஆம் ஆண்டு பணி மஜும்தார் இயக்கிய 'ஹங் துவா' என்னும் வண்ணப்படத்துக்கு அவர் அமைத்த இசை ஆசியத் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது. அதே இயக்குநரின் 'அனாக்கு சசாலி' படத்தில் தந்தையாகவும் மகனாகவும் இருவேடம் ஏற்று, 1957ஆம் ஆண்டு டோக்கியோவில் நடந்த விழாவில் சிறந்த நடிகர் விருதைப் பெற்றார். அவர் இசையில் மலாய் ஜோகெத்தும் அஸ்லியும் உண்டு. இந்துஸ்தானி இராகச் சாயல் உண்டு. அரபு நடை உண்டு. தென் அமெரிக்கத் தாளமும் உண்டு. பினாங்கின் தெருக்களில் கேட்டவை அனைத்தும் அங்கே வந்து கலந்தன. வெளியிலிருந்து வருவதை ஏற்றுத் தன்னதாக ஆக்கிக்கொள்வதே பண்பாட்டின் வலிமை. தன் வீட்டுக்குத் தான் உரிமையாளனாக இருப்பவனே விருந்தினரை மனமார வரவேற்க முடியும். அவர் கேட்டது அந்த உரிமையை மட்டுமே.

1957ஆம் ஆண்டின் வேலைநிறுத்தம்

சிங்கப்பூரில் 1950களின் நடுப்பகுதி தொழிலாளர் கிளர்ச்சிகளின் காலம். பேருந்துத் தொழிலாளர் முதலாகப் பலரும் உரிமை கேட்டு எழுந்தனர். அந்த அலை படப்பிடிப்பு நிலையத்தையும் வந்தடைந்தது. 1957ஆம் ஆண்டு ஊதிய உயர்வு பற்றிய பிணக்கு முற்றி, சங்கத்தில் முன்னின்ற ஐவரை நிலையத்தார் பணிநீக்கம் செய்தனர். உடனே சங்கத்தார் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். நூற்றுக்கு மேற்பட்டோர் பங்கேற்ற அப்போராட்டம் வாரக்கணக்கில் நீண்டது. ஜாலான் அம்பாஸில் விளக்குகள் அணைந்தன. திரையில் வீரராகத் தோன்றியோர் வாயிலில் அட்டை ஏந்தி நின்றனர். இறுதியில் நீக்கப்பட்டோர் மீண்டும் பணியிற் சேர்க்கப்பட்டனர்.

அவ்வாண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் மலாயா விடுதலை பெற்றது. நாடு விடுதலை பெறுதற்குச் சில திங்கள் முன்னரே, ஒரு தெருவுக்குள் அடங்கிய சிறு கூட்டத்தார் தம் உழைப்பின் மதிப்பைத் தாமே உரைக்கக் கற்றுக்கொண்டனர். மூன்றாண்டுகளுக்கு முன் ராம்லி தலைமையேற்று நட்ட வித்து அது. தனியொருவனாய்க் கேட்டால் பிச்சை; கூடிக் கேட்டால் உரிமை என்னும் பாடத்தை அக்கலைஞர்கள் அன்று கற்றனர்.

கலைஞனின் மானம் கதையானது

அவ்வனுபவங்கள் அவர் படைப்புகளிலும் ஊறின. 1957இல் தொடங்கிய 'புஜாங் லாப்போக்' வரிசைப் படங்கள் வாடகை அறையில் வாழும் மணமாகா மூவரின் வறுமையை நகைச்சுவையாகக் காட்டின. அவ்வரிசையில் 1961ஆம் ஆண்டு வந்த 'செனிமான் புஜாங் லாப்போக்' குறிப்பிடத்தக்கது. அம்மூவரும் நடிகராக வேலை தேடித் திரைப்பட நிலையத்துக்கே வருகின்றனர். அந்நிலையம் ஜாலான் அம்பாஸ் நிலையமேயாகும். முதலாளியின் பணத்தில், முதலாளியின் வளாகத்தில், அத்தொழிலின் கோணல்களையே எள்ளி நகையாடி, முதலாளியையும் சிரிக்கவைத்த திறம் அவருடையது. அவருடைய நகைச்சுவைப் படங்கள் 1959, 1960, 1964ஆம் ஆண்டுகளின் ஆசியத் திரைப்பட விழாக்களில் சிறந்த நகைச்சுவைப் படத்துக்கான விருதுகளை வென்றன.

1960ஆம் ஆண்டின் 'அந்தாரா துவா தர்ஜாத்' உயர்குடிப் பெண்ணுக்கும் ஏழை இசைக்கலைஞனுக்கும் இடையிலான சுவரைக் காட்டியது. 1962ஆம் ஆண்டின் 'இபு மெர்துவாகு' அதனினும் கூரியது. செல்வச் செருக்கு மிகுந்த மாமியார் ஒருத்தி, தன் மருமகன் இசைக்கலைஞன் என்னும் ஒரே காரணத்தால் அவனை வெறுக்கிறாள். மகள் இறந்துவிட்டாளெனப் பொய்யுரைத்து இல்லறத்தைப் பிரிக்கிறாள். அழுதழுது கண்ணொளி இழக்கும் அவன், பின்னர்ச் சிகிச்சையால் பார்வை பெற்று உண்மையறிந்தபோது, காணத்தகாததைக் கண்ட கண்களைத் தானே அழித்துக்கொள்கிறான். பாட்டைக் கேட்டு மகிழும் சமூகம் பாடகனுக்குப் பெண் கொடுக்க மறுக்கும் முரண்பாட்டை இதைவிட வலிமையாகக் காட்டிய மலாய்ப் படம் பிறிதில்லை எனலாம். அப்படத்துக்காக 1963ஆம் ஆண்டு டோக்கியோ விழாவில் பல்துறை ஆற்றல் வாய்ந்த கலைஞர் என்னும் தனி விருது அவருக்கு வழங்கப்பெற்றது.

இடம் பெயர்ந்த வாழ்வு

1960களின் தொடக்கத்திலேயே மலாய்த் திரை தளரத் தொடங்கியது. தொலைக்காட்சி வந்தது. 1963இல் இந்தோனேசியாவுக்கும் மலேசியாவுக்கும் இடையே மூண்ட பகைமையால் பெருஞ்சந்தை ஒன்று அடைபட்டது. ஹாங்காங்கிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வண்ணப்படங்கள் வந்து குவிந்தன. மலாய்ப் படங்களோ பெரும்பாலும் கறுப்பு வெள்ளையிலேயே நின்றன. வருவாய் குறையவே நிலையங்களில் ஆட்குறைப்புத் தொடங்கியது. 1964ஆம் ஆண்டு ராம்லி சிங்கப்பூரை விட்டுக் கோலாலம்பூருக்குக் குடிபெயர்ந்தார். 1965இல் சிங்கப்பூர் தனிநாடாயிற்று. 1967இல் ஜாலான் அம்பாஸ் நிலையத்தின் கதவுகள் மூடப்பட்டன.

கோலாலம்பூரை அடுத்த உலு கிள்ளானில் இருந்த மெர்டேக்கா படப்பிடிப்பு நிலையத்தில் அவர் பணியைத் தொடர்ந்தார். மெர்டேக்கா என்றால் விடுதலை என்பது பொருள். ஆனால் பெயரில் இருந்த விடுதலை தொழிலில் இல்லை. கருவிகள் போதா; கைதேர்ந்த தொழிலாளர் போதார்; செலவிடும் பணம் போதாது. அந்நிலையமும் பின்னர் ஷா நிறுவனத்தாரின் ஆளுகைக்கே சென்றது. அங்கு அவர் 18 படங்களை இயக்கினார். சில நன்றாயின, பல முந்தைய உயரத்தை எட்டவில்லை. மேலைநாட்டுப் பாணி இசைக்குழுக்களின் ஆரவாரத்தில் இளைஞர் அவர் பாட்டைப் பழையதென ஒதுக்கினர். நேற்று வரை தலைமேல் வைத்துக் கொண்டாடியோர் இன்று முகம் திருப்பினர். 1972ஆம் ஆண்டு வெளியான 'லக்சமானா டோ ரெ மி' அவரது இறுதிப் படமாயிற்று.

இத்தளர்ச்சியிலும் அவர் பொது நோக்கைக் கைவிடவில்லை. 1969ஆம் ஆண்டு இனக்கலவரத்துக்குப் பின், நாட்டுக்குரிய பண்பாடு யாது என ஆராய, 1971 ஆகஸ்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தேசியப் பண்பாட்டு மாநாடு கூடியது. பேராசிரியர்களும் அறிஞர்களும் நிறைந்த அவ்வவையில், பட்டம் எதுவும் பெறாத ராம்லியும் கட்டுரை அளித்தார். நாட்டின் மரபிசையை வளப்படுத்தித் தரமுயர்த்தும் வழிகள் என்பது அவர் எடுத்துக்கொண்ட பொருள். தம் வாழ்க்கை சரிந்துகொண்டிருந்த வேளையில், தம் குறையைப் பேசாமல் நாட்டின் இசையைப் பேசினார் என்பது அவர்தம் பெருந்தன்மைக்குச் சான்று.

அதே காலத்தில், ஜின்ஸ் சம்சுதீன் முதலிய கலைஞர்களோடு சேர்ந்து, நாட்டினர் முதலீட்டில் இயங்கும் 'பெர்ஃபிமா' என்னும் திரைப்பட நிறுவனத்தை உருவாக்கும் முயற்சியிலும் ஈடுபட்டார். படம் எடுப்பது மட்டும் போதாது. அதைக் காட்டும் அரங்கும் வேண்டும். எடுத்த படத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, அயல்நாட்டுப் படம் ஓடும் அரங்கின் வாயிலில் காத்து நிற்கும் நிலை நாட்டுக் கலைஞனுக்கு இருத்தலாகாது. தயாரிப்பும் வினியோகமும் திரையிடலும் ஒரே கையில் குவிந்திருக்கும்வரை கலைஞன் கூலியாளாகவே இருப்பான் என்பதை இருபத்தைந்து ஆண்டுப் பட்டறிவு அவருக்குக் கற்பித்திருந்தது. அம்முயற்சியின் பயனை நுகர அவருக்கு ஆயுள் வாய்க்கவில்லை.

மறைவும் மாண்பும்

1973ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் விடியற்காலையில், கோலாலம்பூர் செத்தாப்பாக்கில் உள்ள இல்லத்தில், மாரடைப்பால் அவர் காலமானார். வயது 44. ஜாலான் அம்பாங் முஸ்லிம் அடக்கத்தலத்தில் நல்லடக்கம் செய்யப்பெற்றார். 1961ஆம் ஆண்டு அவரை மணந்த புகழ்பெற்ற பாடகி சலோமா, பத்தாண்டுகளுக்குப்பின் 1983இல் மறைந்து அவ்விடத்திலேயே துயில் கொண்டார். 66 படங்களில் நடித்து, 30க்கும் மேற்பட்ட படங்களை இயக்கி, நூற்றுக்கணக்கான பாடல்களை உருவாக்கிய கலைஞர், திரண்ட செல்வம் ஏதும் விட்டுச் செல்லவில்லை. அவர் படங்களின் உரிமை அவருடையதாக இருந்ததில்லை என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை.

மறைந்தபின் சிறப்புகள் வந்தன. 1982ஆம் ஆண்டு தலைநகரின் முதன்மைச் சாலையொன்று அவர் பெயர் பெற்றது. 1986இல் அவர் வாழ்ந்த செத்தாப்பாக் இல்லம் நினைவகமாயிற்று. பினாங்கில் அவர் பிறந்த வீடும் பேணப்படுகிறது. 1990ஆம் ஆண்டு டான் ஸ்ரீ என்னும் உயர்விருதை நாடு அவருக்கு அளித்தது. தொலைக்காட்சியில் அவர் படங்கள் மீண்டும் மீண்டும் காட்டப்பட்டு, அவர் மறைந்த பின் பிறந்த தலைமுறையும் அவர் உரையாடல்களை மனப்பாடமாகச் சொல்லும் நிலை ஏற்பட்டது.

அவர் கேட்டவையும் காலந்தாழ்த்தி வந்தன. 1981ஆம் ஆண்டு மலேசிய அரசு தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தை நிறுவியது. அவர் இறுதி ஆண்டுகளில் உழைத்துக் களைத்த அதே உலு கிள்ளான் வளாகத்தில் அக்கழகம் பின்னர் இடங்கொண்டது. திரையரங்குகள் உள்நாட்டுப் படங்களைக் குறித்த நாட்களுக்குக் கட்டாயம் திரையிட வேண்டும் என்னும் திட்டமும் 2005ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அவர் நாளில் இவை இருந்திருப்பின் அவர் வாழ்வின் இறுதி அதிகாரம் வேறாக எழுதப்பட்டிருக்கும்.

நிறைவுரை

பி. ராம்லியின் வாழ்வு மாணவர்களாகிய உங்களுக்கு மூன்று பாடங்களைத் தருகிறது. முதலாவது, ஆற்றல் மிக்கவன் தன்னோடு உழைப்போரையும் தூக்கிவிட வேண்டும் என்பது. புகழின் உச்சியில் இருந்தபோது சங்கத்தின் சுமையை ஏற்ற 25 வயது இளைஞரை நினைவிற் கொள்ளுங்கள். இரண்டாவது, தன் மண்ணின் கதையைத் தானே சொல்ல முனைய வேண்டும் என்பது. பிறர் சொல்லும் கதையில் நாம் எப்போதும் சிறுவேடத்திலேயே வருவோம். அதே வேளையில், கற்பித்தவர் எவராயினும் அவரை மதிக்கும் பண்பும் வேண்டும். மூன்றாவது பாடம் நமக்கு, அஃதாவது சமூகத்தாராகிய நமக்கு. கலைஞனின் நினைவகத்துக்கு நாம் தரும் கொடையில் ஒரு பகுதியையேனும் அவன் உயிரோடிருக்கும்போது அவன் அடுப்புக்குத் தந்தோமா என்பதே அது.

நம் ஊர்களிலும் கலைஞர் உளர். நாகூர்த் தெருக்களில் பாடிய இசைவாணர் முதல், கிராமத் திருவிழாக்களில் கூத்துக் கட்டுவோர் வரை, கைதட்டலை உண்டு வாழ்வோர் எத்தனையோ பேர். அவர்கள் மறைந்தபின் தெருவுக்குப் பெயர் சூட்டுவது நன்றே. அவர்கள் வாழும்போது அத்தெருவில் தலைநிமிர்ந்து நடக்கச் செய்வது அதனினும் நன்று.